ஒன்றா, ஏழா

வார்டோவில் மீன் ஆலையின் வடக்குச் சுவர்.
நான்காம் மாடிச் சன்னல் விளிம்பெல்லாம்
க்ரிக்யே பறவைகள்,
தம் பெயரைத் தாமே கத்திக்கொண்டு.
சிலவற்றின் காலில் மஞ்சள் வளையம்,
அதில் கறுப்பாக மூன்று எழுத்து.
வளையம் போட்டவர்கள் தெற்கே போய்விட்டார்கள்.
வாசித்து அனுப்புவது நான்,
கோட் மீன் அறுக்கும் வேலைக்கு நடுவே,
இருபது நிமிட இடைவேளையில்,
கையுறையைப் பல்லால் கழற்றி.

இரண்டு கோடையாக எழுதி அனுப்பினேன்:
ஜே டி ஒன்று. உயிரோடு. முட்டை இரண்டு.
சனவரியில் அலுவலகத்திலிருந்து கடிதம்.
கிரீன்லாந்தில் ஒரு வேட்டைக்காரர்
சூப்பு வைத்த பறவையின் வளையத்தைக்
கழுவித் தபாலில் அனுப்பியிருக்கிறார்.
ஜே டி ஒன்று.
சுட்டது அந்த இரண்டு கோடைக்கும் முந்தைய நவம்பர்.
"அப்படியானால் உங்கள் சன்னலில்
அடைகாப்பது யார்?"

கேமரா வாங்கப் போனேன்.
கடைக்காரரே வாங்காதே என்றார்.
"சென்சார் அதே தபால்தலை அளவுதான், ரன்வெய்க்.
அதே முற்றம், அதே மழை.
குவளையைச் சிறிதாக்கி
எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறான்.
உழக்குக்குள் கிழக்கு மேற்கு பார்ப்பாயா?"
ஓட்வார் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்:
இருபத்துநாலிலிருந்து நாற்பது,
பரப்பில் நூற்றுக்கு அறுபத்தேழு கூடுதல்,
நீளத்தில் முப்பதைக்கூடத் தொடாது.
எழுத்தை வாசிப்பது நீளம்தானே, பரப்பு இல்லையே.
கணக்கு சரி.
பணத்தை எண்ணி வைத்தேன்.

முதல் மாதம் அது காட்டியது என்னைத்தான்:
இடக்கையின் நடுக்கம்,
கண்ணுக்கு வைத்த குறி கழுத்தில் விழுவது,
பழைய லென்ஸின் ஓரத்து ஊதா.
துளையை எட்டுக்கு மேல் சுருக்கினால்
கோடுகள் ஈரத்தாளில் மை போலக் கசிந்தன.
மடிக்கணினிக்கு மூச்சிரைத்தது.
இருபத்துநாலு கண்டும் காணாமல் விட்டதையெல்லாம்
நாற்பது சொல்லிக்காட்டியது.

மார்ச் கடைசியில் பறவைகள் வந்தன,
பின்னாலேயே மூட்டம்.
ஐ.எஸ்.ஓ ஆறாயிரத்து நானூறில்
இரண்டு கேமராவிலும் ஒரே கஞ்சி.
படங்களை ஒரே அளவுக்குச் சுருக்கி
ஓட்வாரிடம் கொண்டுபோனேன்.
எது எதிலிருந்து என்று அவருக்கும் தெரியவில்லை.
சிரிக்காமல் காப்பி ஊற்றினார்,
அது அவருடைய பெருந்தன்மை.

ஏப்ரல் பதினொன்று.
காற்று நின்ற காலை.
வார்டோவில் அதற்கு விடுமுறை விடலாம்.
மைனஸ் ஏழு. பனியில் பட்ட வெயில்
கீழிருந்து எழும்பி
பறவைகளின் வயிற்றில் விளக்கேற்றியது.
படகுத்துறைக் கட்டையில் லென்ஸை ஊன்றிப்
பதினாறு படம்.
பதினைந்தில் கால் இறகுக்குள்.
ஒன்றில் மட்டும் அவள்
ஒற்றைக் காலில் நின்று காது சொறிந்தாள்.

இரவில் வெட்டினேன். இன்னும் வெட்டினேன்.
நாற்பது மில்லியனில் மிஞ்சியது
இருநூறு புள்ளி அகலம்.
அதில் வளையம். அதில் ஜே. அதில் டி.
மூன்றாவதன் தலையில்
இடப்பக்கமாக ஒரு கோடு,
நான்கு புள்ளி நீளம்.
பழையதில் அது மூன்றாக இருந்திருக்கும்.
அந்த மூன்றைத்தான் இரண்டு வருடமாக
எச்சம் என்று படித்திருக்கிறேன்.

ஏழு.

உடனே எழுதினேன்:
ஜே டி ஏழு, உயிரோடு.
ஜே டி ஒன்றை நான் ஒருநாளும் பார்த்ததில்லை,
மன்னிக்கவும்.
அனுப்பிய பிறகும் தூக்கம் வரவில்லை.
செத்த பறவைக்கு இரண்டு கோடை ஆயுள் கொடுத்து
இருந்தவளை இல்லாமல் ஆக்கியிருந்தேன்,
நல்ல கையெழுத்தில்,
தேதி போட்டு.

"பதினாறாயிரம் க்ரோனருக்கு
ஒரே ஒரு புள்ளி," என்றார் ஓட்வார்.
ஆமாம்.
"அடுத்த வருடம் இன்னும் கூட்டுவார்களாம்."
வேண்டாம் என்று வாய் சொன்னது.
மனம் அதற்குள்
எட்டையும் மூன்றையும் நினைத்துக்கொண்டிருந்தது,
கே வரிசையில் சந்தேகமாய் விட்ட
அந்த இரண்டு ஜோடிகளை.

வெளியே மறுபடி மூட்டம்.
எந்தக் கேமராவையும் எடுத்துப் போகவில்லை.
சுவரடியில் அண்ணாந்து நின்றேன்,
தோளில் எச்சம் விழும்வரை.